குடிப்பவரின் மூளையில் நடப்பது என்ன?



குடியினால் ஈரல் கெடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. கண் மஞ்சளாவதும் வயிற்றில் நீர் கோத்துக்கொள்வதும் பார்த்தவுடனே தெரிவதால், அதைப்பற்றி வீட்டிலும் வீதியிலும் பேசுகிறோம். மூளை கெடுவது அப்படித் தெரிவதில்லை. பல ஆண்டுகள் குடித்த ஒருவர் காலையில் நடந்ததை மாலையில் மறக்கிறார். கால்களை அகல வைத்துத் தள்ளாடி நடக்கிறார். அற்பக் காரியத்துக்கும் சீறி விழுகிறார். நடவாத ஒன்றை நடந்ததாகச் சாதிக்கிறார். வீட்டார் இதைக் குடித்த திமிர் என்பார்கள், அல்லது வாயைத் திறந்தால் பொய் என்பார்கள். இதில் திமிர் எவ்வளவு, வியாதி எவ்வளவு என்று பிரித்தறியக் கற்றுக்கொண்டால், சில வேளைகளில் ஓர் உயிரையே காப்பாற்றலாம். ஆகையால் இந்த வாரப் பாடம் சற்று நீண்டிருந்தாலும் பொறுமையோடு வாசிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.

முதலாவது, மூளை என்னும் உறுப்பைப்பற்றி இரண்டொரு வார்த்தை. அதன் எடை ஏறக்குறைய 1,400 கிராம். நம் சரீர எடையில் நூற்றில் 2 பங்குதான். ஆனால் சரீரம் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்ளுகிறது. அதிலுள்ள நரம்பணுக்கள் சுமார் 8,600 கோடி. ஒவ்வொரு நரம்பணுவும் மரக்கிளைகள்போல் கிளைகளை விட்டு மற்ற அணுக்களோடு பேசிக்கொள்ளுகிறது. தூரத்திலுள்ள அணுவோடு பேசுவதற்கு நீண்ட இழைகள் உண்டு. அவை கொழுப்புறை போர்த்து வெண்மையாய் இருப்பதால் அந்தப் பகுதியை வெண்பொருள் என்கிறார்கள். இந்த வெண்பொருளைப் பின்னால் திரும்பவும் சந்திப்போம்.

கடிவாளமும் சாட்டையும்

சாராயம், பிராந்தி, விஸ்கி, பீர், கள் என்று பெயர் எதுவானாலும் வேலை செய்யும் சரக்கு ஒன்றே; எத்தில் ஆல்கஹால் என்பது அதன் பெயர். அது நீரிலும் கலக்கும், கொழுப்பிலும் ஊடுருவும். ஆதலால் இரத்தத்தில் வரும் பற்பல பொருள்களைத் தடுத்து நிறுத்தும் மூளையின் காவலை இது தடையில்லாமல் தாண்டி, சில நிமிடங்களிலேயே உள்ளே போய்விடுகிறது.

உள்ளே அது செய்வதை ஒரு குதிரை வண்டியை வைத்து விளங்கிக்கொள்ளலாம். மூளையில் காபா என்றொரு இரசாயனம் உண்டு; அது நரம்பணுக்களை அடக்கும் கடிவாளம். குளூட்டமேட் என்பது மற்றொன்று. அது முடுக்கும் சாட்டை. குடித்தவுடனே கடிவாளம் இறுகுகிறது, சாட்டை ஓய்கிறது. அதனால்தான் முதலில் கூச்சம் நீங்கி, பிறகு நாக்குக் குழறி, கடைசியில் தூக்கம் வருகிறது. வேகமாக அதிகம் குடித்தவனுக்கு ஞாபகத்தைப் பதிக்கும் பகுதியே சற்று நேரம் நின்றுபோகும். இராத்திரி தன்னை யார் வீடு சேர்த்தார்கள் என்று மறுநாள் கேட்கிறவன் நடிக்கவில்லை. அந்த நேரம் அவன் மூளையில் பதியவே இல்லை.

தினந்தோறும் குடித்தால் மூளை சும்மா இருப்பதில்லை. தன்னைத் திருத்திக்கொள்ளப் பார்க்கிறது. எப்போதும் இறுக்கிப் பிடிக்கிறார்களே என்று கடிவாளத்தை நெகிழ்த்துகிறது. எப்போதும் ஓய்ந்து கிடக்கிறதே என்று சாட்டையை வலுப்படுத்துகிறது. அப்பொழுதுதான் முன்பு ஒரு கிளாஸில் வந்த மயக்கத்துக்கு நாலு கிளாஸ் தேவைப்படுகிறது. இப்படிப் பல ஆண்டு பழகிய மூளையிலிருந்து ஒரே நாளில் மதுவை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? நெகிழ்ந்த கடிவாளமும் வலுத்த சாட்டையும் மாத்திரம் மிஞ்சும். குதிரை தறிகெட்டு ஓடும்.

இது வெறும் உவமையல்ல. கடைசியாகக் குடித்த 6 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை தோன்றும். 48 மணி நேரத்துக்குள் சிலருக்கு வலிப்பு வருவதுண்டு. இரண்டாம் நாள் முதல் நாலாம் நாள் வரையில் சிலருக்குச் சன்னி காணும். இல்லாத பூச்சிகள் உடம்பில் ஊர்வதாகத் தட்டிவிடுவார், இல்லாத ஆட்களோடு பேசுவார், இடமும் நேரமும் தெரியாது, காய்ச்சல் கொதிக்கும். இதைப் பேய் பிடித்தது என்று எண்ணி அறையில் பூட்டிவைக்கும் வீடுகள் உண்டு. மந்திரிக்கிறவனைத் தேடி ஓடுகிறவர்களும் உண்டு. தக்க வைத்தியம் இல்லாவிட்டால் இந்தச் சன்னி உயிரையே வாங்கிவிடும்.

நம் பங்குகளில் இதை முக்கியமாய்ச் சொல்லவேண்டியிருக்கிறது. விபூதிப் புதன் வந்ததும் பாட்டிலைத் தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டு, அன்றோடு நிறுத்துகிறவர்கள் நம்மில் அநேகர். எப்போதாவது குடிப்பவர் அப்படி நிறுத்தலாம், ஒன்றும் வராது. ஆனால் காலையில் எழுந்தவுடன் குடித்தால்தான் கை நிற்கிறது என்ற நிலையில் உள்ளவர், அல்லது முன்பொரு தரம் நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், வைத்தியரைக் காணாமல் திடீரென நிறுத்தக் கூடாது. நேர்த்தியைக் கைவிடச் சொல்லவில்லை. அதை ஆஸ்பத்திரியில் தொடங்கச் சொல்லுகிறோம். டயஸிபாம் போன்ற மருந்தை முதலில் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து, குதிரையை வைத்தியர் நிதானத்துக்குக் கொண்டுவருவார். மாவட்ட அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இந்தச் சிகிச்சை உண்டு.

அணுக்கள் சாகின்றனவா?

ஒரு கிளாஸ் குடித்தால் இத்தனை ஆயிரம் மூளை அணுக்கள் செத்துப்போகும் என்று மேடையில் பேசக் கேட்டிருப்பீர்கள். பயமுறுத்துவதற்கு அது உதவலாம், உண்மை அப்படியல்ல. உண்மை இன்னும் நுட்பமானது.

ஆஸ்திரேலியாவில் கிளைவ் ஹார்ப்பர் என்ற நோய்க்கூற்று வைத்தியரும் அவருடைய துணைவர்களும், மிதமிஞ்சிக் குடித்து இறந்தவர்களின் மூளைகளை மற்றவர்களின் மூளைகளோடு ஒப்பிட்டு எண்ணிப் பார்த்தார்கள். 1987-ம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளையின் ஒரு பகுதியில் நரம்பணுக்கள் நூற்றுக்கு 22 குறைந்திருந்தன. அவர்கள் பார்த்த மற்றப் பகுதிகளில் அவ்விதக் குறைவு காணவில்லை. 1993-ல் டென்மார்க்கில் இன்னொரு கூட்டத்தார் மூளையின் மேற்புறணி முழுவதையும் எண்ணியபோது, மொத்த எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை என்று கண்டார்கள். ஆனால் அங்கும் வெண்பொருள் குறைந்திருந்தது. ஆக, மூளை சுருங்குவது நிச்சயம். ஆனால் அதிகம் தேய்வது அணுக்களை ஒன்றோடொன்று இணைக்கும் இழைகளும் கிளைகளும்தான். ஊரில் வீடுகள் நிற்கின்றன, பாதைகள் தூர்ந்து போயின என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அணுக்கள் மெய்யாகவே குறைகிற அந்த முன்மூளை எதற்கு உரியது என்று கவனிக்கவேண்டும். வரப்போவதை யோசிப்பது, கோபத்தை அடக்குவது, வேண்டாம் என்று தன்னைத் தானே தடுத்துக்கொள்வது, எல்லாம் அதன் வேலை. குடியை விடுவதற்கு எந்த உறுப்பின் பலம் வேண்டுமோ, அந்த உறுப்பையே குடி முதலில் அரிக்கிறது. மன உறுதி இல்லாதவன் என்று நாம் ஒருவரைத் திட்டும்போது, உறுதிக்கு இருப்பிடமான இடமே நொந்து கிடக்கிறது என்பதையும் நினைப்பது நியாயம். அதற்காக அவர் செய்த எல்லாவற்றையும் மன்னித்து மறந்துவிட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அடிபட்ட மனைவியிடம் அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

பின்மூளையின் நடுப்பகுதியும் தேய்கிறது. குடிக்காத வேளையிலும் சிலர் குடித்தவர்போல் கால் பரப்பி நடப்பது இதனால்தான்.

அளவாகக் குடித்தால் குற்றமில்லையே என்று கேட்பவருக்குச் சுருக்கமாய் ஒரு பதில். இங்கிலாந்தில் 36,000-க்கு மேற்பட்ட நடுவயதினரின், முதியோரின் மூளைப் படங்களை ஆராய்ந்து 2022-ல் வெளியிட்டார்கள். நாளொன்றுக்கு ஒரு பைன்ட் பீர் அளவு குடிப்பவரிடத்திலேயே மூளையின் பருமன் சற்றுக் குறைந்திருந்தது. அளவு கூடக்கூடக் குறைவும் வேகமாய்க் கூடியது. சுகத்துக்கு இடையூறில்லாத அளவு என்று ஒன்றைக் குறிக்க முடியாதென 2023 ஜனவரியில் உலக சுகாதார ஸ்தாபனம் தெரிவித்தது. பிரான்ஸில் 2008 முதல் 2013 வரை ஆஸ்பத்திரிகளுக்கு வந்தவர்களின் பதிவுகளைத் திரட்டி 2018-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 65 வயதுக்கு முன்பே மறதி நோய் கண்ட 57,000-க்கு மேற்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மிதமிஞ்சிய குடியோடு சம்பந்தப்பட்டவர்கள் என்று தெரிந்தது. பெண்களுக்கு சரீரத்தில் நீர் குறைவாகையால் அதே அளவு மது அதிகமாய்த் தாக்கும். முன்மூளை முதிர்ச்சியடைய ஏறக்குறைய 25 வயதாகிறது. கல்லூரிப் பிள்ளைகள் உள்ள வீட்டார் கவனிக்க.

பீ-ஒன்று என்னும் சத்து

இனி இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதிக்கு வருகிறோம்.

1881-ம் ஆண்டில் கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மானிய வைத்தியர் மூன்று நோயாளிகளைப்பற்றி எழுதினார். இருவர் பெருங்குடியர்; மூன்றாமவள் கந்தகத் திராவகத்தைக் குடித்துவிட்ட இளம்பெண். மூவருக்கும் ஒரே மாதிரி அடையாளங்கள்: புத்தி தடுமாற்றம், கண்விழி சரியாக அசையாமை, நடை தள்ளாட்டம். மூவரும் இறந்தார்கள். அவர்கள் மூளையின் நடுப்பகுதியில் சிறுசிறு இரத்தக் கசிவுகளைக் கண்டார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1887-ல், செர்கே கோர்சகாவ் என்ற ருஷ்ய வைத்தியர், நெடுநாள் குடித்தவர்களுக்குப் புதிய சங்கதி எதுவும் மனதில் தங்காமல் போகும் ஒரு வியாதியை விவரித்தார். இவ்விரண்டும் ஒரே வியாதியின் முன்பாதியும் பின்பாதியும் என்று பின்னால் தெரிந்தது. அந்தத் திராவகம் குடித்த பெண் குடிகாரியல்லவே, அவளுக்கு ஏன் வந்தது? வயிறு வெந்துபோனதால் அவளால் உண்ண முடியவில்லை. அதிலேதான் மர்மம் இருந்தது.

அந்த மர்மத்தின் திறவுகோல் அரிசியில் கிடைத்தது. ஜாவாத் தீவில் 1890-களில் கிறிஸ்டியான் ஐக்மன் என்ற டச்சு வைத்தியர், தம் கோழிகள் கால் விழுந்து கிடப்பதைக் கண்டார். இராணுவ ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றை அவற்றுக்குப் போட்டுவந்தார்கள். புதிதாய் வந்த சமையற்காரர் இராணுவச் சோற்றைக் கோழிக்குக் கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டதால், அவற்றுக்குத் தீட்டாத அரிசி கிடைத்தது; கோழிகள் எழுந்து நடந்தன. அந்தச் சமையற்காரரின் கறார்த்தனத்துக்கு உலகம் கடமைப்பட்டிருக்கிறது! தவிட்டிலுள்ள ஒரு சத்து நீங்கியதால் நரம்பு கெட்டது என்று போகப்போக விளங்கிற்று. ஐக்மனுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சத்தை 1936-ல் செயற்கையாய்ச் செய்து காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர். அவர் பிறந்தது நமக்கு அடுத்த நெல்லூரில், 1886-ல், பெற்றோர் மிஷனரிகள். அவர் தம்பி ரோஜரும் ஒரு வைட்டமினைக் கண்டுபிடித்தவர். அவர் பிறந்த ஊர் உதகமண்டலம்.

அந்தச் சத்துக்குத் தயமின் அல்லது பீ-1 வைட்டமின் என்று பெயர். சர்க்கரையை எரித்துச் சக்தியாக்க அது இன்றியமையாதது. சர்க்கரையை நம்பியே வாழும் மூளைக்கு அது இல்லாவிட்டால் அடுப்பு அணைந்த கதைதான். நாளொன்றுக்கு வேண்டியது ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல். சரீரம் சேமித்து வைப்பதோ கொஞ்சம். வரத்து நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துபோகும். நம் வீட்டுப் புழுங்கல் அரிசியில், நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள இந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. ஆகவே பச்சரிசியைப்போல் தீட்டும்போது அவ்வளவு போவதில்லை. பருப்பு, பயறு, வேர்க்கடலை, கம்பு, பன்றியிறைச்சி ஆகியவற்றிலும் நிறைய உண்டு.

குடிப்பவருக்கு இது ஏன் குறைகிறது? ஒன்று, அவர் சாப்பிடுவதில்லை. பாட்டிலே பசியை ஆற்றிவிடுகிறது. இரண்டு, சாப்பிட்டாலும் குடல் உறிஞ்சுவதை மது கெடுக்கிறது. மூன்று, கெட்ட ஈரல் சேமித்து வைப்பதில்லை. ஆகவே, புழுங்கலரிசிச் சோறு தின்கிறாரே, அவருக்கு வராது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

ஆஸ்திரேலியாவில் ஹார்ப்பரே இதையும் தேடிப் பார்த்தார். பெர்த் நகரில் 1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் நடந்த பிரேத பரிசோதனைகளில் நூற்றுக்கு 2.8 பேரின் மூளையில் வெர்னிக்கே சொன்ன காயம் இருந்தது. மொத்தம் 131 பேர். இவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் உயிரோடிருக்கையில் அந்த வியாதி இன்னதென்று கண்டுபிடிக்கப்பட்டிருந்தது! வைத்தியர்கள் மூன்று அடையாளங்களும் சேர்ந்து வருமென்று காத்திருந்தார்கள். மெய்யாக மூன்றும் சேர்ந்து வந்தது சிலருக்கே. பீரிலேயே தயமினைக் கலந்துவிடலாமா என்றுகூட யோசனை எழுந்தது. கடைசியில் 1991 முதல் ரொட்டி மாவில் தயமின் கலக்கவேண்டும் என்று அந்நாட்டில் விதித்தார்கள். சிட்னியில் முன்பு நூற்றுக்கு 2 என்றிருந்த காயம், 1998-ல் வெளிவந்த கணக்கில் ஏறக்குறைய 1 ஆகக் குறைந்திருந்தது.

இதிலிருந்து வீட்டாருக்கு ஒரு காரியம். குடித்துவிட்டுச் சாப்பிடாமல் கிடக்கும் ஒருவர் ஒருநாள் பேச்சுத் தடுமாறி, பார்வை இரண்டிரண்டாய்த் தெரிகிறது என்று சொன்னால், அல்லது நிற்க முடியாமல் சாய்ந்தால், போதை தெளியட்டும் என்று திண்ணையில் விட்டுவிடாதீர்கள். அது போதை அல்லாமல் இருக்கலாம். தயமினை ஊசி வழியாக உடனே ஏற்றினால் கண்ணசைவு சில மணி நேரத்திலும் சில நாட்களிலும் திரும்புகிறது. காலதாமதம் ஆனால் ஞாபகசக்தி போனது போனதுதான்.

இன்னொன்று. நம்மவர்களுக்குக் குளுக்கோஸ் ஏற்றினால்தான் வைத்தியம் நடந்ததாகத் திருப்தி. தயமின் வற்றிப்போன மூளைக்குச் சர்க்கரையை மாத்திரம் ஏற்றினால், மிஞ்சியிருந்த கொஞ்சத் தயமினும் செலவாகி வியாதி முற்றிவிடக் கூடும். சர்க்கரை மிகவும் தாழ்ந்து போயிருந்தால் அதை ஏற்றத்தான் வேண்டும். ஆனால் தயமினும் கூடவே போகவேண்டும். வைத்தியருக்கு இது தெரியும். அவருக்குத் தெரியாதது, வந்திருப்பவர் குடிப்பவர் என்பது. வெட்கப்பட்டு மனைவியோ மகனோ மறைத்துவிடுகிறார்கள். அக்கம்பக்கத்தாரிடம் மறைப்பது உங்கள் இஷ்டம், வைத்தியரிடம் மறைக்காதீர்கள். எத்தனை ஆண்டாக, என்ன, எவ்வளவு, கடைசியாக எப்போது என்று நாலையும் சொல்லுங்கள்.

பொய் அல்லாத பொய்

வியாதி கோர்சகாவ் நிலைக்கு வந்தவரிடத்தில் ஒரு விசித்திரம் உண்டு. காலையில் எங்கே போனீர்கள் என்று கேட்டால், வீட்டை விட்டு நகராதவர், சந்தைக்குப் போய் மீன் வாங்கிவந்தேன் என்று நிதானமாய்ச் சொல்லுவார். அவருக்கு அதனால் லாபம் ஒன்றுமில்லை. ஏமாற்றும் நோக்கமும் இல்லை. காலைநேரம் அவர் மூளையில் பதியாததால் அங்கே ஓர் ஓட்டை. பழைய ஞாபகத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து மூளை தானாகவே அந்த ஓட்டையை அடைத்துவிடுகிறது. அவர் அதை மெய்யென்றே நம்புகிறார். நாற்பது வருஷத்துக்கு முந்தின கதை தெளிவாயிருக்கும். பத்து நிமிடத்துக்கு முந்தினது இராது. இப்படிப்பட்டவரோடு வாதாடிப் பிரயோஜனமில்லை, பொய்யன் என்று பிள்ளைகள் முன்னால் அவமானப்படுத்துவதும் அநியாயம்.

முதுமையில் வரும் மறதி நோய்போல் இது நாளுக்கு நாள் மோசமாகியே தீரும் என்பதில்லை. மது நின்று, ஆகாரமும் தயமினும் கிடைத்தால், வியாதி அந்த இடத்திலேயே நின்றுவிடும். சிலர் நன்றாகவே தேறுகிறார்கள், பலர் ஓரளவு, சிலருக்கு மாற்றமில்லை. இந்த நிலைக்கு வராமல் குடியை விட்டவர்களுக்கோ நற்செய்தி இருக்கிறது. செத்த நரம்பணு திரும்ப முளைப்பதில்லையானாலும், தேய்ந்த கிளைகளும் வெண்பொருளும் மீண்டும் வளர்கின்றன. விட்ட முதல் சில வாரங்களிலேயே மூளையின் பருமன் கூடுவதைப் படங்களில் காணலாம். பல மாதங்கள் வரைக்கும் அது தொடர்கிறது. ஆகவே குடியை விட்ட முதல் மாதத்தில் அவர் எரிந்து விழுகிறார், ஒன்றிலும் மனம் பற்றுவதில்லை என்று கண்டு, இவர் திருந்தவே மாட்டார் என்று முடிவு கட்டவேண்டாம். தூர்ந்த பாதைகளில் வேலை நடந்துகொண்டிருக்கிறது. முக்கியமான கணக்கு வழக்குகளையும் பத்திரம் எழுதுவதையும் அவர் பொறுப்பில் விடாமல் சில மாதம் தள்ளிவைப்பது நல்லது.

ஞாபகம் திரும்பாதவர் உள்ள வீட்டில் செய்யக்கூடியது இது. சாமான்களை எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள். எழுந்திருப்பது, உண்பது, மாத்திரை எடுப்பது தினமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். நாட்காட்டியில் கடந்த நாளைக் கிழித்துவிட்டு, இன்று யார் வருவார், என்ன வேலை என்று பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள். 'காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?' என்று பரீட்சை வைக்காமல், 'காலையில் இட்லி சாப்பிட்டீர்கள்' என்று நீங்களே சொல்லிவிடுங்கள். தவறாய்ச் சொல்ல இடம் கொடுத்தால் அந்தத் தவறே படிந்துவிடும். கை பழகிய வேலை மூளையில் வேறோர் இடத்தில் இருப்பதால் அது பெரும்பாலும் அழிவதில்லை. தச்சராயிருந்தவருக்கு இழைப்புளி பிடிக்கத் தெரியும். வலை பின்னியவருக்கு முடிச்சு மறக்காது. எந்த வேலை என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் விழிப்பார். மரத்தையும் உளியையும் கையில் கொடுத்துப் பாருங்கள்.